அந்தரங்கப் போராளி

டிஜிட்டல் அடையாள அட்டை கட்டாயம் என்றதும் டெய்லர் போட்ட சத்தத்தில், தெருவிலிருந்த காக்கைகளெல்லாம் ஊரையே காலி செய்தன.

"என் அந்தரங்கம் அரசாங்கத்துக்கு எதுக்கு? உசிரே போனாலும் கார்டு எடுக்க மாட்டேன்!"

"கார்டு இல்லேன்னா கடையை மூடிடுவாங்க. பேசாம வாங்க" என்று மனைவி அவரைப் பதிவு மையத்துக்கு இழுத்துப் போனாள்.

போட்டோ எடுப்பவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"சார், டோப்பாவைக் கழட்டுங்க. ரூல்ஸ்!"

டெய்லர் இரண்டு கையாலும் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்கே தெரியாமல் காப்பாற்றிய வழுக்கை ரகசியம்! கண்ணை இறுக மூடிக்கொண்டு கழற்றினார்.

மனைவி அதை வாங்கி, பூனைக்குட்டியைப் போல மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள்.

"பார்த்துக் கழட்டக் கூடாதாங்க? பழசை எலி கடிச்சப்போ, அச்சு அசலா இதே மாதிரி தேடிப் பிடிச்சு, உங்களுக்குத் தெரியாம மாத்தி வைக்கறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு!"