மிளகுக்கு வந்த கோபம்

“இனிமே அவன் இந்த வீட்டுல இருக்கக் கூடாது. அவனா, நானான்னு நீயே முடிவு பண்ணிக்கோ!”

காலையில் கணவன் போட்ட சத்தம் இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டே கத்தினான். “பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேனே! சோறு போட்ட கையையே கடிச்சுட்டானே, துரோகி!”

அந்தத் துரோகி இப்போது கால்நடை மருத்துவமனை பெஞ்சில், அவள் மடியிலிருந்த கூண்டுக்குள், காகிதத் துணுக்குகளுக்கு நடுவே உருண்டு கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு ஹேம்ஸ்டர். எலிக்குத் தூரத்துச் சொந்தம். வாங்கி வந்தபோது பழுப்பும் கறுப்புமாக இருந்ததால் மிளகு என்று பெயர் வைத்தார்கள். இப்போது தலை முதல் கால் வரை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. “மிளகு உப்பா மாறிட்டான்” என்று அவளே கேலி செய்திருக்கிறாள்.

நிறம் மாறினால் போகட்டும், குணமும் அல்லவா மாறிவிட்டது! தீனி வைக்கக் கை நீட்டினால் பாய்ந்து வருகிறது. நேற்று அவள் விரலையும் பதம் பார்த்துவிட்டது. செல்லம் கொடுத்ததற்கு இதுதான் பலனா என்று அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று.

அவளுக்கே இப்படி என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கிறான். ஆபீஸ் விட்டு வந்து பின்னறையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால், அவள் மருந்துக்கடையில் பிற்பகல் ஷிப்ட் முடித்துத் திரும்பும்வரை எழுந்திருக்க மாட்டான். ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே மேஜை, மேஜைமேல் மிளகின் கூண்டு. “நான் படிக்கிறேன், அவன் வேடிக்கை பார்க்கிறான், நல்ல ஜோடி” என்பான்.

அவன் படிப்பு கெடக் கூடாதென்று சமையல், துணிமணி, கடைகண்ணி எல்லாவற்றையும் அவள் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு டம்ளரைக்கூட அவனைக் கழுவ விட்டதில்லை. வாரவிடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் தனியாகத்தான் போவாள். அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது பின்னறை இருண்டிருக்கும், “இப்பத்தான் புஸ்தகத்தை மூடினேன்” என்று கொட்டாவி விடுவான். பார்க்கவே பாவமாக இருக்கும்.

“உள்ள வாங்கம்மா!” என்று குரல் கேட்டது.

டாக்டர் பருத்த உடம்பும் ஓயாத வாயுமான பெண்மணி. கூண்டை அவர் மேஜையில் வைத்தாள். “டாக்டர், இவனை இங்கேயே விட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். யாராவது கேட்டா குடுத்துடுங்க. வளர்த்தவங்களுக்கே துரோகம் பண்றான்.”

“துரோகமா? இத்தனூண்டு பயலா?”

டாக்டர் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு மிளகைத் தூக்கினார். பல், காது, வயிறு எல்லாம் பார்த்தார். மிளகு கையுறையைக் குதறிக்கொண்டே இருந்தது. அதன் முடியை ஊதி ஊதிப் பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

“இவனை எங்கேயும் குடுக்க வேண்டாம். நோயும் இல்லை, இவன்மேல தப்பும் இல்லை. இவன் பூர்வீகம் பனி கொட்டுற சீமை. பகல் சுருங்கி இருட்டு நீண்டா இவங்க உடம்புல ஒரு ஹார்மோன் ஏறும். குளிர்காலம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. முடி வெளுக்கும், மூக்குக்கு மேல கோபம் வரும். யாரு கையை நீட்டினாலும் எதிரிதான்.”

அவளுக்கு உயிர் வந்தது. வாய்விட்டுச் சிரித்தேவிட்டாள். பாவம், வாயில்லாத ஜீவனைப் போய்த் துரோகி என்று சொல்லிவிட்டோமே என்றிருந்தது.

“அப்ப, குளிர் போனா சரியாயிடுவானா டாக்டர்?”

“குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, வெளிச்சம்தான் கணக்கு. ட்யூப்லைட் எரிஞ்சா இவனுக்கு அதுவும் பகல்தான். ராத்திரி வரைக்கும் ஆள் புழங்குற ரூம்ல இருந்தா வருஷம் பூரா பழுப்பாவே இருப்பான், பரம சாதுவா இருப்பான்.”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. “இவன் இருக்கிறதும் அந்த மாதிரி ரூம்தான் டாக்டர். தினமும் என் வீட்டுக்காரர்...”

டாக்டர் கைகழுவக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

“ஸ்டோர் ரூம்ல வெச்சிருக்கீங்களாக்கும்! பேருக்கு ஒரு பழுப்பு முடிகூட மிச்சமில்லையே. பொழுது சாஞ்சப்புறம் அங்க லைட் எரிஞ்சு மாசக்கணக்காச்சு.”

நேற்று மாலை கடையிலிருந்து போன் செய்தபோது, “மிளகு இங்க உருண்டு விளையாடிட்டிருக்கான், படிக்கவே விட மாட்டேங்கிறான்” என்று சிரித்தானே. அதற்கு முந்தைய நாளும் அப்படித்தானே சிரித்தான்? எங்கே உட்கார்ந்துகொண்டு சிரித்தான்?

மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமும் தன்னை ஒரு முட்டாளாக்கி வைத்திருந்திருக்கிறான் என்ற நினைப்பில் உடம்பெல்லாம் எரிந்தது.

டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். முகம் நிறையச் சிரிப்பு.

“மருந்தெல்லாம் வேண்டாம்மா. சாயங்காலத்துல யாராவது ஒருத்தர் அந்த ரூம்ல லைட்டைப் போட்டு உட்கார்ந்தாலே போதும்.”