இருநூற்றுப் பதினொன்றுக்கு அப்புறம்

“எங்க தளபதி அழுவாரா? தோழனை மடியில போட்டுக்கிட்டு, நெத்தியில முத்தம் குடுத்துக்கிட்டு? அவரு ஆம்பளை மேடம், ஆம்பளை!”

ரசிகர் மன்றத் தலைவர் மேஜையில் குத்திய குத்தில் பதிப்பாசிரியையின் டீ தளும்பியது.

நாற்பது வருஷமாக அச்சில் இல்லாத மாயாஜால நாவல்; அதன் நாயகன்தான் தளபதி. மறுபதிப்பு நாலு மணிக்கு மெஷின் ஏறுகிறது. ரசிகர்கள் முரண்டு பிடித்தால் அந்தக் காட்சியைத் தூக்கிவிடு என்று முதலாளி கை கழுவிவிட்டார்.

“ஆசிரியரோட கையெழுத்துப் பிரதியில இருக்கு சார்.”

“அடிச்சுப் போட்ட பக்கமா இருக்கும். இதோ, முதல் பதிப்பு! எங்கப்பாவோடது. மன்றத்துல அத்தனை பேரும் படிச்சது இதோட ஜெராக்ஸ்தான். எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்!”

தலைவருக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பாதி முகம் மீசைதான். சாட்சிக்கு வந்திருந்தார்.

“தினம் சாயங்காலம் எனக்கு இதைச் சத்தமா படிச்சுக் காட்டினவரு. சொல்லுங்கப்பா, தளபதி அழுதாரா?”

அப்பா தொண்டையைச் செருமினார். “விடுடா, கிளம்பலாம்.”

பதிப்பாசிரியை அதற்குள் புரட்டிவிட்டாள். “இருநூத்திப் பதினொண்ணுக்கு அப்புறம் இருநூத்திப் பதினாலு வருதே?”

“அந்தக் காலத்து அச்சுப்பிழை. அதைப் பத்தி எங்க மன்ற மலர்ல கட்டுரையே வந்திருக்கு!”

தாள் மட்டும் கொஞ்சம் தடிமனாக இருந்தது. அவள் ஓரத்தில் ஸ்கேலை நுழைத்தாள்.

“ஐயோ, வேண்டாம்மா!” அப்பா பதறி எழுந்தார்.

பழைய கோந்து படக்கென்று விட்டது. உள்ளே தளபதி செத்துப்போன தோழனை மடியில் கிடத்தி அழுதுகொண்டிருந்தார், நாற்பது வருஷமாக.

தலைவர் கோந்துத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “யாருப்பா... ஒட்டினது?”

“நான்தான்டா.”

“ஏன்? நான் அழுதுடுவேன்னா?”

“நீ எங்கடா அழுத? எனக்குத்தான் அந்தப் பக்கம் வந்தா குரல் அடைச்சுக்கும். என்கூட மாத்தி வண்டி ஓட்டினவன் என் மடியிலதான் உயிரை விட்டான். அப்பன் அழறதைப் பார்த்தா புள்ள என்ன நினைப்பானோன்னு ஒட்டித் தொலைச்சேன்.”

மணி மூன்று ஐம்பது. மகன் புத்தகத்தை அப்பா கையில் வைத்தார். “இப்பப் படிங்கப்பா. சத்தமா.”

நாலாவது வரியில் அப்பாவுக்குக் குரல் உடைந்தது. மகன் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு மீதியைப் படித்தார். பக்கம் முடிவதற்குள் அவருக்கும் மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவே இல்லை.

“மெஷினை ஓட்டச் சொல்லுங்க! அட்டையில கத்தியைத் தூக்கிட்டு நிக்கிற தளபதியை எடுத்துடுங்க. இந்தத் தளபதியைப் போடுங்க.”

“மன்றத்துல கேட்டா என்ன சார் சொல்வீங்க?”

தலைவர் அப்பாவைப் பார்த்தார். மேஜையில் மறுபடி ஒரு குத்து.

“அவரு ஆம்பளை மேடம், ஆம்பளை!”