சுவரில் தெரிந்த சமையலறை

இசைவாணியின் விடுதி அறைச் சுவரில் கம்பம் ஊரிலுள்ள அவள் வீட்டுச் சமையலறை நாள் முழுதும் நேரலையாகத் தெரியும். முதலாண்டு மாணவிகள் எல்லோருக்கும் அப்படி ஒரு திரைச்சுவர் உண்டு. அம்மாவோடு பேசிக்கொண்டேதான் அவள் சாப்பிடுவாள், படிப்பாள். சேர்ந்து மூன்று மாதமாகியும் விடுதியில் யாரோடும் பழகவில்லை.

ஒருநாள் காலை, காய்ச்சலில் அவளால் எழ முடியவில்லை. மகள் நடுங்குவதைப் பார்த்தும் அம்மாவால் நெற்றியைத் தொட முடியவில்லை.

"பக்கத்து ரூம் பிள்ளையக் கூப்பிடுடி. அவ பேரு என்ன?"

"தெரியலம்மா."

"யாராச்சும் வாங்களேன்!" என்று அம்மா சுவரிலிருந்தே கத்தினாள்.

ஒரு பெண் ஓடிவந்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு மாத்திரை கொடுத்தாள்.

"நான் பெனிட்டா, ஆன்ட்டி. பக்கத்து ரூம்தான்."

காய்ச்சல் விட்டதும் அம்மா சொன்னாள்: "பக்கத்து ரூம் பிள்ள பேருகூடத் தெரியாம இருந்திருக்கியே. இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும் பாப்போம்டி."

"என்னப் பாக்காம இருந்துருவியாம்மா?"

"கஷ்டந்தான்" என்ற அம்மா, அழுகை வருமுன் சுவரை நிறுத்திவிட்டாள்.

வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த இசைவாணி, பிறகு எழுந்துபோய்ப் பெனிட்டாவின் கதவைத் தட்டினாள்.

"எனக்குத் தனியா சாப்பிட்டுப் பழக்கமில்ல. மெஸ்ஸுக்குக் கூட வர்றியா?"