ஜெசிந்தாவின் வலது கை

மாலை வகுப்பு முடிந்ததும் ஜெசிந்தா விடைபெறக் கை கொடுத்தாள். அது மோட்டார் வைத்த செயற்கைக் கை. என் விரல்களைப் பற்றிய பிறகு அது திறக்கவில்லை.

"உன்மேல அவ்வளவு பாசம் பாரு," என்று சிரித்தாள்.

அந்தக் கை மாதம் ஒருமுறை, தன்னைச் செய்த நிறுவனத்திடம் இணையம் வழியாக அனுமதி கேட்கும். பதில் வராவிட்டால் இருந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டார்கள்.

எங்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் தமீம் சார் தன் மடிக்கணினியை அதனுடன் இணைத்தார். "உள்ளயே விடமாட்டேங்குது. என்ன எழுதி வச்சிருக்கான்னு தெரிஞ்சா திறந்துடலாம்."

"என் கைதானே சார்? நான் சொல்றேன், திறங்க."

"கை உன்னோடதும்மா. அதுல ஓடுற புரோகிராம் அவங்களோடது."

ஜெசிந்தா பட்டைகளை அவிழ்த்துத் தன்னை விடுவித்துக்கொண்டாள். கை என்னிடமே தங்கியது. அந்தக் கையால்தான் அவள் தன் கைக்குழந்தையைத் தூக்குகிறாள். என் விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படிச் சொன்னது சரிதானா என்று தெரியவில்லை.

சார் இரும்பு வெட்டும் பெரிய கத்தரியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதுக்குப் பதிலா வேற கை வராது. என்னால முடியாதும்மா," என்று வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கத்தரியின் பிடிகளை அழுத்த இரண்டு கைகள் வேண்டும். ஒரு பிடியை ஜெசிந்தா இடது கையால் பற்றினாள். மற்றதை நான் பற்றினேன்.

"நீ அழுத்துடி," என்றாள்.

"நீ முதல்ல," என்றேன்.