உருகினால்தான் வெளியே

சென்னையின் பெரிய ஓவியக்கூடத்துக்குள் நுழைவது சுலபம். வெளியே வருவதுதான் பெரும்பாடு. ஏதாவது ஒன்றைப் பார்த்து மனம் உருகினால் மணிக்கட்டில் மாட்டிய பட்டை பச்சையாக எரியும். அது எரிந்தால்தான் வெளிக்கதவு திறக்கும்.

பங்கஜவல்லி முதல் படத்திலேயே கண்கலங்கி வெளியேறிவிட்டாள். அவள் கணவர் தணிகாசலம், மின்வாரியத்திலேயே காலத்தை ஓட்டியவர், எல்லா மாடியையும் சுற்றியாயிற்று. அவர் கண்ணில் பட்டதெல்லாம் கோணலாக மாட்டிய சட்டங்களும் சுவரில் தொங்கிய ஒயர்களும்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பங்கஜவல்லி கத்தினாள்.

"ஏங்க, எதையாச்சும் பாத்து உருகித் தொலைங்களேன். பஜ்ஜி ஆறுது!"

"நானும் முக்கி முக்கிப் பாக்குறேன் பங்கஜம், வரமாட்டேங்குது!"

வெள்ளைத் துணியில் ஒரே ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்த படத்தின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ம்ஹூம். அலுத்துப்போய்க் கதவுப் பக்கம் திரும்பினார்.

வெளியே படியில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். தன் பங்கைத் தின்று முடித்து, அவர் பங்கு பஜ்ஜியை முந்தானையால் பொத்திக்கொண்டு, மறு கையால் ஒரு காக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டை எரிந்தது. கதவு திறந்தது.

"எந்தப் படம்?" என்றாள்.

தணிகாசலத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அதான்... அந்தச் செவப்புக் கோடு."

"கோட்டைப் பாத்து உருகத் தெரியுது! கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து என்னைய ஒரு தடவையாவது இப்படிப் பாத்திருப்பீங்களா?" என்று பஜ்ஜியை அவர் கையில் திணித்தாள்.

மறுபடி எரியத் தொடங்கிய பட்டையை அவர் அவசர அவசரமாக முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.