பிரவீணனின் ஓவர்குளொக்

"புதுக் கதிரையளிலை இன்னும் பொலித்தீன்! கழற்றச் சொல்லி உமக்கு எத்தினைதரம் சொன்னனான்? சரியான பட்டிக்காடு!"

கணவன் பிரவீணனின் ஏச்சைக் கேட்டபடி சிவகௌரி தேநீரை வைத்தாள். பிரவீணன், கொம்பியூட்டர் கடையிலிருந்து வந்த ஜெரிசனிடம் திரும்பினான்.

"ஓவர்குளொக் செய்யவெண்டு பாத்துப் பாத்து எடுத்த புறோசசர். குறிச்ச வேகத்துக்கு மேலை கூட்டினவுடனை சூடாகி நிண்டிடுது. பழுதானதைத் தந்திட்டியள்."

"மேலை கூலரை ஆர் பூட்டினது, அண்ணை?"

"நான்தான். உதெல்லாம் எனக்குத் தெரியும்."

ஜெரிசன், புறோசசரின் சூட்டை இழுத்தெடுக்கும் கூலரைக் கழற்றித் திருப்பினான். புறோசசரில் படவேண்டிய அடிப்பக்கத்தில் கண்ணாடிபோல ஒரு பொலித்தீன் ஒட்டியிருந்தது.

"பூட்ட முதல் உதை உரிச்சிருக்கவேணும், அண்ணை. சூடு எப்பிடி வெளியாலை போறது?"

மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பிரவீணன் மெல்லக் கதிரையில் அமர்ந்தான்.

பொலித்தீன் பெரிதாகச் சரசரத்தது.