நான்கு கதவுகள்

பனியன் கம்பெனியிலிருந்து துரத்தப்பட்ட துளசிமணி, பதினொரு வருடம் அங்கே தைத்ததாகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் சொன்னாள். அவள் தங்கள் ஆளே இல்லை என்றது நிர்வாகம். அதன் வக்கீல் குலசேகரனிடம் முப்பது ஆண்டுகளாகப் பொய்க்காத கேள்வி ஒன்று இருந்தது. "அங்க வேலை பார்த்தது நிஜம்னா, லேடீஸ் டாய்லெட் எந்தப் பக்கம்னு சொல்லும்மா." "அப்படி ஒண்ணு இல்லீங்களே. பொழுது சாயற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டோமுங்க." அவர் கம்பெனியின் வரைபடத்தை நீதிபதியின் மேசையில் விரித்தார். கிழக்கு மூலையில் கழிப்பறை, நான்கு கதவுகளோடு. "இவங்க உள்ளே கால் வெச்சதே இல்லை. பதிவு பண்ணிக்கணும்." தட்டச்சர் அடிக்கத் தொடங்கினார். துளசிமணி கூண்டிலிருந்து இறங்கிவந்து அந்தத் தாளை உற்றுப் பார்த்தாள். "கூட்டிட்டுப் போங்க வக்கீலையா," என்றாள், குரலைத் தாழ்த்தாமல். "அங்க இன்னும் நூத்தம்பது பொம்பளைங்க அடக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் காட்டுங்க."